தெருவுக்குத் தெளித்த தண்ணீர் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஊர்த் திருவிழாக்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். கல்யாணமாகிப் பதினான்கு வருடமாக ஆவடியில் இருக்கிறேன். இங்கே பங்கு பெரியது. ஞாயிறு பூசைக்குப் போகிறோம், வருகிறோம். மகளுக்குப் பத்து வயது, இந்த மே மாதம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினாள். அவளுக்குத் திருவிழா என்றால் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அப்புறம் வேளாங்கண்ணி. அவ்வளவுதான்.

போன ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள். ஜூன் 7 நற்கருணைப் பெருவிழா, 12 திரு இருதயம், 13 அந்தோணியார், 24 ஸ்நாபக அருளப்பர், 29 இராயப்பர் (பேதுரு) சின்னப்பர் (பவுல்). "இவ்வளவு எதுக்கும்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 13 சனிக்கிழமைதானே, அந்தோணியார் திருவிழாவுக்கு ஊருக்கு அழைத்துப் போகலாமா என்று யோசித்தேன். "திருவிழா வரி, மைக்செட், வாணவேடிக்கை, கடைசியில் ஒரு சண்டை. அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்கிறார் என் கணவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, ஆவடி

*

அன்புள்ள சகோதரி,

மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். புதுநன்மை வாங்கிய கையோடு இப்படிக் கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளை. அவளுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

13-ஆம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் லியேஜ் நகரத்தில் ஜூலியானா என்று ஒரு கன்னியாஸ்திரி இருந்தார். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். நற்கருணைக்கென்று, பூசையில் ஆண்டவரின் உடலாக நாம் வாங்குகிற அப்பத்துக்கென்று, தனியாக ஒரு திருநாள் வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. கடைசி இராவுணவில் ஆண்டவர் நற்கருணையை ஏற்படுத்திய பெரிய வியாழன் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அன்று இரவே ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தத் துக்கத்துக்கு நடுவில் எப்படிக் கொண்டாடுவது? 1246-இல் லியேஜ் ஆயர் தம் மறைமாவட்டத்துக்கு மட்டும் அந்தத் திருநாளை ஏற்படுத்தினார். ஜூலியானாவோ மடத்தை விட்டுத் துரத்தப்பட்டு, இடம் இடமாக அலைந்து, 1258-இல் இறந்துபோனார். ஆறு வருடம் கழித்து, 1264-இல், திருத்தந்தை நான்காம் உர்பான் அதை உலகத் திருச்சபை முழுமைக்கும் உரிய திருநாள் ஆக்கினார். அவர் முன்பு லியேஜில் குருவாக வேலை பார்த்தவர்.

இயேசுவின் திரு இருதயத் திருநாளுக்குப் பின்னாலும் ஒரு கன்னியாஸ்திரிதான். பிரான்ஸ் நாட்டின் மார்கரீத் மரியா. அவர் காட்சி கண்டது 1670-களில். உலகம் முழுவதற்குமான திருநாளாக அது ஆனது 1856-இல். இரண்டு பெண்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, உலகமெல்லாம் கொண்டாடுவதை இரண்டு பேருமே பார்க்காமல் போன திருநாட்கள் இவை. உங்கள் மகளிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாள் தூய ஆவி பெருவிழா. அதோடு பாஸ்கா காலம் முடிந்து, சாமியார் பச்சை உடுப்புக்குத் திரும்பிவிடுவார். பொதுக்காலம். பெரிய நாட்களெல்லாம் தீர்ந்து, இனி வெறும் ஞாயிறுகள்தான் என்று தோன்றுகிற நேரத்தில் இந்தச் சின்னச் சின்னத் திருநாட்கள் வரிசையாக வருகின்றன. இவற்றில் எனக்கு உயிர் நற்கருணைப் பவனி. வருடம் முழுக்க நாம் ஆண்டவரைத் தேடிக் கோயிலுக்குப் போகிறோம். அன்று ஒரு நாள் அவர் படியிறங்கி நம் தெருவுக்கு வருகிறார்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் வீட்டுக் கிணறுகளெல்லாம் உப்பு. நல்ல தண்ணீர்க் கிணறு ஊருக்கு வெளியே ஒரு மைல். ஜூன் மாதம் அதிலும் ஊற்று குறைந்துவிடும். அம்மா விடிவதற்கு முன்னே போய் வரிசையில் நின்று இரண்டு நடை எடுத்து வருவார். அப்படி எடுத்த தண்ணீரில் ஒரு குடத்தைச் சனிக்கிழமை இரவே மூடி ஓரமாக வைத்துவிடுவார். யாரும் தொடக்கூடாது. ஞாயிறு மாலை பவனிக்கு மணி அடித்ததும் அந்தக் குடத்தை எடுத்து வாசலுக்கு முன்னால் தெருவில் தெளிப்பார். "உப்புத் தண்ணியவே தெளிச்சா என்னம்மா?" என்று நான் கேட்டேன். "அது காஞ்சா தெரு வெள்ள பூத்துப் போகும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எனக்கில்லாமல் தனக்கே சொல்வதுபோல, "வருசமெல்லாம் உப்புலதான கெடக்கோம். அவருக்கு ஒரு கொடம் நல்ல தண்ணி குடுக்கக் கூடாதா?" என்றார்.

பவனி வரும்போது எல்லாரும் முழங்காலில் இருப்போம். தலை நிமிரக் கூடாது. அதனால் நற்கருணையை வைத்து ஏந்தி வருகிற கதிர்ப்பாத்திரத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. என் கண் மட்டத்துக்கு வந்தது சாமியாருடைய வெள்ளை அங்கியின் ஓரம்தான். அம்மா தெளித்த தண்ணீரில் அது நனைந்து, செம்மண் ஒட்டி, கனத்து ஆடிக்கொண்டு போகும். அதற்குப் பின்னால் குடை பிடிக்கிறவர்களின் வெறும் கால்கள். சாம்பிராணிப் புகையும் ஈர மண்ணும் கலந்த அந்த வாசனை வேறு எந்தத் திருநாளிலும் வராது.

சரி, இதோடு நிறுத்தினால் நான் பாதிதான் சொன்னவன் ஆவேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பூ போடுகிற பிள்ளைகளோடு பவனிக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தேன். தேரடியிலிருந்து நேரே போனால் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் தெரு. எட்டிப் பார்த்தேன். அந்தத் தெருவும் தெளித்திருந்தது. வாசலுக்கு வாசல் ஸ்டூல் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். பெண்கள் முக்காடு போட்டு முழங்காலில் இருந்தார்கள். மணிச்சத்தம் கேட்டதுமே முழங்காலிட்டிருப்பார்கள். பவனி அங்கே போகவில்லை. இடப்பக்கம் திரும்பிக் கோயிலுக்கு வந்துவிட்டது. வழக்கம் அப்படி என்றார்கள். சாதி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லவில்லை. எங்கள் நல்ல தண்ணீர்க் கிணற்றிலும் அவர்களுக்கு இடம் கிடையாது. அந்தத் தண்ணீரை எவ்வளவு தூரம் போய் எடுத்து வந்தார்களோ! பவனி வராது என்று தெரிந்தும் ஒவ்வொரு வருடமும் தெளிப்பார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

90-களில் வந்த ஒரு சாமியார் ஒரு வருடம் தேரடியில் யாரையும் கேட்காமல் நேரே நடந்தார். குடை பிடித்த நாலு பேரில் இரண்டு பேர் கம்பை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். குடை ஒரு பக்கமாகச் சரிந்தது. அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து பிடித்தார்கள். இப்போது பவனி அந்த வழியாகத்தான் போகிறது.

ஆகவே, உங்கள் கணவர் சொல்கிற சண்டை எனக்குத் தெரியாதது இல்லை. தேர் எந்தத் தெருவுக்குள் போகும், சப்பரத்தை யார் தூக்குவது என்று நம் ஊர்களில் நடக்கிற சண்டையில் பாதி சாதிச் சண்டை, மீதி கௌரவச் சண்டை. வரி விஷயத்திலும் அவர் பக்கம்தான் நான். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கிற மாதங்கள் இவை. அந்த நேரத்தில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிற தலைக்கட்டு வரியைக் கூட்டி, அதை வாணத்துக்குக் கொளுத்துவது பாவம் என்றே நான் நினைக்கிறேன். கமிட்டியிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தத் தேதிகளை நாம் விட முடியாது. விட்டவர்களும் இல்லை. இலங்கையில் மடு மாதா கோயிலின் ஆடித் திருவிழா ஜூலை 2-ஆம் தேதி. மாதா எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போன நாள் அது. ரோமில் 1969-இல் நாட்காட்டியைத் திருத்தி அந்த நாளை மே 31-க்கு மாற்றிவிட்டார்கள். மடுவுக்குக் காடு கடந்து போய்ப் பழகிய சனங்கள் ஜூலை 2-ஐ விடவில்லை. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலில் 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு பூசை நேரத்தில் குண்டு வெடித்தது. கடற்படையினர் கோயிலைச் சீரமைத்தார்கள். ஜூன் 12 அன்று மீண்டும் திறந்தார்கள். மறுநாள் அந்தோணியார் திருநாள். தமிழரும் சிங்களவரும், கிறிஸ்தவர் அல்லாதவர்களும் செவ்வாய்க்குச் செவ்வாய் மெழுகுதிரியோடு வந்து நிற்கிற கோயில் அது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் துக்கத்திலும் 13-ஆம் தேதிக்குக் கதவு திறந்திருந்தது.

அந்தோணியாரே ஊர் விட்டு ஊர் வந்தவர்தான். லிஸ்பனில் பிறந்து, 1231 ஜூன் 13 அன்று இத்தாலியின் பதுவைக்குப் பக்கத்தில் இறந்தார். ஒரு வருடம் முடிவதற்குள், 1232 மே 30-இல் புனிதர் பட்டம். நம் பாட்டிமாருக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டியிருக்கவில்லை. சாவி தொலைந்தால் அந்தோணியார், பிள்ளை தொலைந்தாலும் அந்தோணியார். கோடி அற்புதர் என்று அவரைக் கூப்பிடுகிற குரலிலேயே வீட்டு ஆளைக் கூப்பிடுகிற உரிமை இருக்கும்.

தடைக்காலம் 2017-க்கு முன்பு 45 நாள்தான், மே 29-ஓடு முடிந்துவிடும். ஜூனில் கொடியேறிய பிறகும் ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள், திருநாளுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபமான நவநாளில் பெண்களும் கிழவர்களும்தான் இருப்போம். இப்போது அப்படி இல்லை. அந்தோணியார் திருநாள் முடிந்து மறுநாள் நள்ளிரவோடுதான் தடையும் முடிகிறது. ஜூன் நவநாள் முழுக்க ஆண் குரல் கேட்கிறது. எனக்கு அது புதிது, அவ்வளவு பிடித்திருக்கிறது.

அதனால் என் பதில்: அழைத்துப் போங்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் தேர் பார்த்துவிட்டுத் திரும்புவதற்காகப் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். அன்று திரு இருதயத் திருநாள், கோயிலில் கூட்டம் இருக்காது. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை வெளியே எடுத்துப் போட்டிருப்பார். பிள்ளை கையில் ஒரு உருண்டை புளியைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். மறுநாள் அசனத்துக்கு, ஊர் விருந்துக்கு, பெண்கள் அரிவாள்மணை போட்டுப் பூசணிக்காய் நறுக்குகிற இடத்தில் நீங்கள் போய் உட்காருங்கள். உங்கள் கணவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். சோறு வேகிற கிடாரத்துக்குப் பக்கத்தில் நிற்க எப்போதும் ஆள் தேவை.

ஞாயிறு ராத்திரி உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். துறைக்குப் போங்கள். இரண்டு மாதம் கட்டிக் கிடந்த படகுகளில் ஐஸ் ஏற்றுவார்கள், வலை ஏற்றுவார்கள், டீசல் வாசனை கரை முழுக்க இருக்கும். சாமியார் வந்து படகு படகாக ஜெபம் சொல்லி மந்திரிப்பார். உயிர்த்த ஆண்டவரைப் பார்த்த பிறகும் இராயப்பர் ஒரு ராத்திரி, நான் மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிப் படகில் ஏறினார் என்று நற்செய்தி எழுதிய அருளப்பர் எழுதியிருக்கிறார். கூட இருந்தவர்கள், நாங்களும் வருகிறோம் என்றார்கள். 29-ஆம் தேதித் திருநாள் எதற்கு என்று பிள்ளை கேட்டால் அந்தக் கரையில் வைத்தே இதைச் சொல்லுங்கள். வெள்ளிக்கும் திங்களுக்கும் பள்ளிக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்.