தராசும் குடும்ப ஜெபமும்

கேள்வி: போச்சம்பள்ளிப் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். இருபது வருடமாக எங்கள் வீட்டில் இரவு குடும்ப ஜெபம் நின்றதில்லை. பிளஸ் டூ முடித்த மகன் இந்த லீவில் மண்டியில் எடைக் கணக்கு எழுதினான். இப்போது ஜெபத்துக்குக் கூப்பிட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறான். "விவசாயிக்கு எடையில் கழிக்கிற கிலோவுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுங்கப்பா" என்கிறான். எல்லா மண்டியிலும் நடப்பதுதானே? இவனை எப்படிக் கண்டிப்பது?

— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கண்டிக்காதீர்கள், ஐயா. இருபது வருடம் நீங்கள் வாசித்ததை அவன் கவனமாகக் கேட்டிருக்கிறான். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று பைபிளில் நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரத்தில் நீங்களே வாசித்திருப்பீர்கள்.

உபாகமம் 6-ஐ எடுத்துப் பாருங்கள். கர்த்தருடைய வார்த்தை முதலில் "உன் இருதயத்தில்" இருக்க வேண்டும். பிள்ளைக்குப் போதிப்பது அதற்கு அப்புறம். அதுவும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமல்ல, வழியில் நடக்கும்போதும். உங்களுக்கு அந்த வழி மண்டிதான். அங்கே உங்களோடு நடந்தபோதுதான் பையன் தடுக்கி விழுந்தான்.

அழுகல் காயை விவசாயியின் கண் முன்னால் பிரித்துக் கழிப்பது வேறு. நல்ல காய்க்கும் சேர்த்து நூற்றுக்கு இத்தனை கிலோ என்று முதலிலேயே எடுத்துவிடுவது வேறு. பெங்களூரா மா வருடத்துக்கு ஒரு தடவை காய்க்கிற மரம். உரம், மருந்து, காவல், பறிகூலி எல்லாம் போக மிஞ்சுவதில்தான் அந்தக் குடும்பம் அடுத்த சீசன் வரை சாப்பிட வேண்டும். ஒவ்வொரு லோடிலும் போகிற கிலோ அவர்களுக்குச் சின்னக் கணக்கு இல்லை. எல்லாரும் செய்கிறார்கள் என்பதை உங்கள் மகன் ஏற்கவில்லை. எனக்கு அவனை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

பைபிளில் வருகிற சகேயுவும் வரி வசூல் பண்ணுகிற ஆள்தான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான், "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் இயேசு. மனம் மாறியது அவன்; ஆசீர்வாதம் வீட்டுக்கு. லூக்கா 19-ஐ இன்னொரு தடவை நிதானமாக வாசியுங்கள்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளை விசுவாசத்தை விட்டுவிடுவானோ என்ற பயத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கதவு இன்னும் அடைபட்டுவிடவில்லை. "அப்பா" என்றுதானே கூப்பிட்டுச் சொல்கிறான்?

இன்று ராத்திரி அவனை ஜெபத்துக்குக் கூப்பிட வேண்டாம். இந்த சீசனின் எடைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் அவன் அறைக்குப் போங்கள். "நான் செய்தது தப்பு. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கணும், நீயே கணக்குப் போட்டுச் சொல்லு" என்று கேளுங்கள். பணத்தை எடுத்துக்கொண்டு அந்த விவசாயிகளின் வீட்டுக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.