திருகோணமலையில் பெரிய வீதிகள் தார்க் காபெட்டாக இருக்க, எங்கள் ஒழுங்கை மட்டும் ஏன் குண்டும் குழியுமாக இருக்கிறது? வீதிகளைத் திட்டமிடுவது யார்?

இரண்டும் ஒரே கையில் இல்லை. கண்டி வீதி (ஏ6), அநுராதபுர வீதி (ஏ12), மட்டக்களப்பு வீதி (ஏ15) போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சபை அது. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. ஒழுங்கைகள் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. அங்கே பணம் எப்போதும் இழுபறிதான்.

வீதி போடும் முன் வாகனங்களை எண்ணுவார்கள். எண்ணிக்கையைவிடச் சுமைதான் முக்கியம். சக்கர அச்சின் பாரம் இரட்டித்தால் வீதிக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. சீனக்குடாப் பக்கமிருந்து மாவும் சீமெந்தும் ஏற்றிப் போகும் லொறிகளைப் பார்த்தால் இது விளங்கும். ஆயிரம் மோட்டார் சைக்கிள் செய்யாததை ஒரு லொறி செய்துவிடும்.

பிறகு மண். மண் மாதிரியை ஓர் உருளை அச்சுப் பாத்திரத்தில் இறுக்கி, நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இரும்புத் தண்டால் அழுத்தி எவ்வளவு தாங்குகிறது என்று அளப்பார்கள். ஊறவைப்பது மாரிக்காகத்தான். தண்ணீர் வடிய வழியில்லாமல் போட்ட காபெட் எங்கள் மாரிக்குத் தாங்காது. வீதிக்கு முதல் எதிரி தேங்கும் தண்ணீர் என்பேன்.

பாலம் வேறு கணக்கு. 2009இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலத்துக்கு சவூதி நிதி வந்தது. அதற்கு முன் பாதையில் (மிதவைப் படகில்) ஏறித்தான் கடந்தோம்.

உங்கள் ஒழுங்கைக்கு மனு கொடுக்கும்போது வடிகானையும் சேர்த்துக் கேளுங்கள்.