கேள்வி – பதில்: மெயினுக்கு முன்னால்

கேள்வி: சிறிய சி நூலகம் ஒன்றை லினக்ஸில் எழுதி வருகிறோம். மெயினுக்கு முன்பே ஓடத் தொடங்கும் '_ஸ்டார்ட்' பகுதியையும் சி-யிலேயே எழுதினோம். முழு எண்களை அச்சிட்டால் சிக்கல் இல்லை. பிரிண்ட்எஃப்-க்குத் தசம எண் கொடுத்தால் 139 என்ற குறியீட்டுடன் நிரல் விழுகிறது. ஏன்?

பதில்: 139 என்றால் 128 கூட்டல் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவக அணுகல்). ஸ்டாக் சீரமைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்86-64 செயலியில் '_ஸ்டார்ட்' தொடங்கும் நொடியில் ஆர்எஸ்பி (ஸ்டாக்கின் உச்சி முகவரியை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்) 16-ஆல் வகுபடும். சி-யில் எழுதிய ஃபங்ஷன் என்றால், யாரோ அதைக் 'கால்' செய்திருக்கிறார்கள், திரும்பும் முகவரியாக 8 பைட் ஏறியிருக்கிறது என்று கம்பைலர் கணக்குப் போடும். இங்கே யாரும் கால் செய்யவில்லை. அந்த 8 பைட் பிசகு அடுத்தடுத்த ஃபங்ஷன்களுக்கும் தொடரும். தசம எண் வந்தால் பிரிண்ட்எஃப், தசம எண்கள் வரும் எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்களை 'மூவ்ஏபிஎஸ்' என்ற கட்டளை கொண்டு ஸ்டாக்கில் சேமிக்கும். 16-ஆல் வகுபடாத முகவரியை அந்தக் கட்டளை ஏற்காது. முழு எண்ணுக்கு அந்தச் சேமிப்பே நடக்காததால் பிழை ஒளிந்திருந்தது.

'_ஸ்டார்ட்'டை அசெம்பிளியில் எழுதுங்கள், நான்கு வரி போதும்: ஈபிபி ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கி, ஆர்எஸ்பி-யை ஆர்டிஐ-க்கு (ஃபங்ஷனின் முதல் வாதத்துக்கான ரெஜிஸ்டர்) நகலெடுத்து, ஆர்எஸ்பி-யை -16-உடன் 'ஆண்ட்' செய்து, சி ஃபங்ஷனைக் கால் செய்ய வேண்டும். நகலெடுப்பது 'ஆண்ட்'டுக்கு முன் நடக்கட்டும். ஆர்க்சி (நிரலுக்கு வந்த வாதங்களின் எண்ணிக்கை) இருப்பது அந்தப் பழைய முகவரியில்.

இதற்கான சோதனையில் ஒரு கண்ணி உண்டு. 16 பைட் சீரமைப்பு கேட்ட உள்மாறியின் முகவரியை 16-ஆல் வகுத்து மீதி பார்த்தால், மீதி 0 என்று கம்பைலரே முடிவுகட்டி, சோதனையை அழித்துவிடும். முகவரியை வோலடைல் மாறியில் போட்டு, அதிலிருந்து படித்துப் பாருங்கள். 32 பைட் கேட்காதீர்கள். அப்போது கம்பைலர் தானே ஸ்டாக்கைச் சரிசெய்துகொள்ளும், பிழை தெரியாது.

கேள்வி: வழக்கமான யூனிட் டெஸ்ட் கட்டமைப்பிலேயே இவற்றைச் சோதிக்கலாமா?

பதில்: கூடாது. அந்தக் கட்டமைப்பு ஓடுவதே தொடக்கக் குறிமுறை சரியாக வேலை செய்தது என்ற நம்பிக்கையில்தான். ஒவ்வொரு சோதனையும் ஸ்டாட்டிக்காக இணைத்த தனி நிரலாக, '_ஸ்டார்ட்' அடங்கிய உங்கள் சிஆர்டி1 கோப்புடன் இருக்கட்டும். முடிவை வெளியேறும் குறியீட்டால் மட்டும் சொல்லட்டும், ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் ஓர் எண். 'என்வ் -ஐ' மூலம் சூழலைக் காலியாக்கி, தெரிந்த இரண்டு மாறிகளை மட்டும் கொடுங்கள். வாதங்களின் பட்டியலான ஆர்க்வி-யின் கடைசியில் நல் இருக்கிறதா, மெயின் திருப்பிய எண் வெளியே வருகிறதா, நிரல் முடியும்போது ஓட வேண்டிய ஏட்எக்ஸிட் ஃபங்ஷன்கள் பதிந்த வரிசைக்கு எதிர்வரிசையில் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

ஒரு கணினியில் ஓடி, இன்னொன்றில் முதல் சி ஃபங்ஷனிலேயே விழுந்தால், ஸ்டாக் ப்ரொடெக்டர் (ஸ்டாக் சிதைந்ததா என்று பார்க்கக் கம்பைலர் சேர்க்கும் குறிமுறை) காரணமாக இருக்கலாம். அது எஃப்எஸ் ரெஜிஸ்டர் காட்டும் முகவரியிலிருந்து 40-ஆவது பைட்டைப் படிக்கும். டிஎல்எஸ் (ஒவ்வொரு த்ரெட்டுக்குமான தனி நினைவகம்) அமைக்கும் முன் எஃப்எஸ் பூஜ்யம். உபுண்டுவின் ஜிசிசி கம்பைலர் ஸ்டாக் ப்ரொடெக்டரைத் தானாகவே இயக்கிவிடும். தொடக்கக் கோப்புக்கு மட்டும் அதை அணைத்து விடுங்கள். எந்தக் கட்டளையில் விழுகிறது என்பதை பிழைதிருத்தியான ஜிடிபி-யின் 'ஸ்டார்ட்ஐ' முதல் கட்டளையிலிருந்தே காட்டும்.

கேள்வி: ஆர்க்சி 0 ஆக வருமா?

பதில்: சி தரம் அனுமதிக்கிறது. லினக்ஸ் 5.18-க்கு முந்தைய கெர்னல்களில் காலி ஆர்க்வி-யோடு எக்ஸெக்வி (நிரலை ஓடவைக்கும் கெர்னல் அழைப்பு) அழைத்தால் அப்படியே வரும், 5.18 முதல் கெர்னல் ஒரு காலிச் சரத்தைச் சேர்த்து 1 ஆக்குகிறது. 2022 ஜனவரியில் வெளியான பிகேஎக்ஸெக் (வேறு பயனராகக் கட்டளை ஓட்ட உதவும் நிரல்) பாதுகாப்பு ஓட்டை இந்த 0-வைக் கவனிக்காததால் வந்தது. இரண்டு கெர்னல்களிலும் ஓட்டிப் பாருங்கள்.