மகன் வீட்டிலும் மலாயில் பேசுகிறான்

கேள்வி: நாங்கள் இருந்த தோட்டம் விற்கப்பட்ட பிறகு, மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் படித்த என் மகன் இப்போது இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் (ஏழாம் வகுப்பில்) இருக்கிறான். நண்பர்கள் மலாய்க்காரர்களும் சீனர்களும்தான். வீட்டிலும் மலாயில் பதில் சொல்கிறான். வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் நான் பேசியபோது, என் மலாயைக் கேட்டுக் கூச்சப்பட்டு, "அப்பா, நீங்க பேசாதீங்க" என்றான். இந்தச் சகவாசத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: அன்புள்ள ஐயா, நிறுத்த வேண்டாம். பெற்ற பிள்ளை பிறர் முன்னிலையில் தகப்பனின் வாயை அடைப்பது சிறிய விஷயமன்று; அதை அவனிடம் தனியாக, கோபமில்லாமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவனிடம் தமிழ் குறைவதற்கு அந்த நண்பர்கள் காரணமல்லர்.

நீங்கள் வளர்ந்த தோட்டங்களில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளும் கோயிலும் பள்ளியும் ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே ஒரே இடத்தில் இருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. குடும்பங்கள் வெளியே போகாமல் உள்ளேயே இருப்பது முதலாளிகளுக்கும் வசதியாக இருந்தது. அங்கே தமிழ் நிலைத்ததற்கு நம் பற்று மட்டுமன்று, வேறு மொழி பேச ஆளில்லாத தனிமையும் காரணம். அந்தத் தனிமைக்கு நம் சமூகம் கொடுத்த விலை பெரிது. ரப்பர் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்து, பல தோட்டங்கள் வீடமைப்புக்காக விற்கப்பட்டபோது, நகரத்தில் வேலை தேடிய எத்தனையோ பேருக்கு மலாயில் ஒரு விண்ணப்பம் எழுதவே துணை வேண்டியிருந்தது. உங்கள் மகனுக்கு அந்த நிலை வராது.

பல இனத்தவர் கலந்து வாழும் ஊரில், எண்ணிக்கையில் சிறிய சமூகத்துப் பிள்ளைதான் பெரும்பாலும் மற்றவர்களுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதுவே பழகி, தன் வீட்டையும் நண்பர்களின் கண்ணால் பார்க்கத் தொடங்கும்போது கூச்சம் வருகிறது. நட்பைத் தடுத்தால் வீட்டை மறைக்கும் எண்ணம்தான் வலுக்கும். ஆகவே வரும் தீபாவளிக்குத் எல்லா இனத்தவரையும் வீட்டுக்கு வரவேற்று விருந்தளிக்கும் திறந்த இல்ல உபசரிப்பு வைத்து அவர்களை அழையுங்கள். மலாய் நண்பர்களுக்காக ஹலால் கோழி வாங்கிச் சமைத்து, புதிய காகிதத் தட்டுகளில் பரிமாறுங்கள். முறுக்கு எப்படிப் பிழிவது என்று யாராவது கேட்டால் மகனே விளக்கட்டும். நீங்கள் உங்கள் மலாயிலேயே பேசுங்கள். சந்தையிலும் சீனர் மளிகைக் கடையிலும் மூன்று இனத்தவரும் தலைமுறை தலைமுறையாக அந்த மலாயில்தான் கொடுக்கல் வாங்கல் நடத்தியிருக்கிறார்கள்.

வீட்டில் அவன் மலாயில் கேட்டாலும் நீங்கள் தமிழிலேயே பதில் சொல்லுங்கள், அதட்ட வேண்டாம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் தமிழை ஒரு பாடமாக அவன் எடுக்க முடியும். பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அதற்கான வசதி செய்து தரப்பட வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. உங்கள் தாமானிலேயே அத்தனை பெற்றோர் இருக்கக்கூடும். அவர்களிடம் கையெழுத்து வாங்கிப் பள்ளி முதல்வரிடம் கொடுங்கள். அந்தக் கடிதத்தை மலாயில் எழுத வேண்டியிருக்கும். அதை உங்கள் மகனே எழுதித் தரட்டும்.