இ20 வந்த பிறகு என் காரின் மைலேஜ் குறைந்துவிட்டது. பெட்ரோல் செலவைக் குறைக்க உண்மையில் என்ன செய்யலாம்?

பெட்ரோல் ஹேட்ச்பேக், கோவைக்குள் தினமும் ஆபீஸ், அவ்வப்போது ஊட்டியில் மாமியார் வீடு என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். நானும் அதே அவினாசி ரோட்டில்தான் ஓட்டுகிறேன். அதனால் பொதுவான பட்டியல் போடாமல் இந்த ஓட்டத்துக்கே பதில் சொல்கிறேன்.

முதலில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிடும்போது ஆறேழு சதவீதம் குறையும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையும் பழைய வகை கார்களுக்கு 6-7 சதவீதம் என்றுதான் சொன்னது. இ20க்கென்றே டியூன் செய்த கார்களுக்கு 1-2 சதவீதம். ஆக, லிட்டருக்கு 18 கி.மீ. கொடுத்த வண்டி 17 கொடுத்தால் எத்தனால்மேல் பழியைப் போடலாம். 13 கொடுத்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அந்த 18, 17 எல்லாம் எங்கிருந்து வந்த எண் என்பதும் முக்கியம். மீட்டர் போர்டில் தெரியும் சராசரி பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். ஒரே பங்க்கில் டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்து, மறுபடி நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். இரண்டு தடவையும் குழாய் முதல் தடவை தானாகவே நிற்கும் இடத்தில் (ஆட்டோ கட்) நிறுத்திவிட வேண்டும். "ரவுண்ட் பண்ணிடவா சார்?" என்று பையன் கேட்பான், வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் திணித்தால் கணக்கும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவும் நனைந்து கெடும். பங்க்கின்மேல் சந்தேகம் இருந்தால் முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். வாடிக்கையாளர் கேட்டால் காட்டியாக வேண்டும்.

இனி காசு போகும் இடத்துக்கு வருவோம். என் கணக்கில் முதல் குற்றவாளி பிரேக். ஆளோடு சேர்த்து 1,200 கிலோ வரும் கார் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் சக்தியைக் கணக்கிட்டு, என்ஜின் பெட்ரோலில் கால்வாசியைத்தான் ஓட்டமாக மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தை எட்டவே சுமார் 20 மில்லி ஆகிறது. லிட்டர் நூறு ரூபாய் என்றால் இரண்டு ரூபாய். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே போய், கடைசியில் பிரேக் போட்டு நிற்கிறோமே, அந்த இரண்டு ரூபாய் சூடாகி டிஸ்க்கில் போய்விடுகிறது. 40இல் வந்து நின்றால் ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஆபீஸ் போய் வருவதற்குள் எத்தனை தடவை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதற்காக ஆமை வேகத்தில் போக வேண்டியதில்லை. சொல்லப்போனால் மெதுவாக இழுத்து இழுத்து வேகமெடுப்பதிலும் பெரிய லாபமில்லை. ஓரளவு சுறுசுறுப்பாக எடுத்து, 2,000 ஆர்.பி.எம். சுமாருக்கு அடுத்த கியர் மாற்றி, வண்டி திணறாத வரைக்கும் மேல் கியரிலேயே வைத்திருங்கள். கண் மட்டும் முன் வண்டியின் பம்பரில் இல்லாமல் அதற்கும் அப்பால் இருக்க வேண்டும். சிக்னலில் 40 விநாடி பாக்கி என்று எண் ஓடுகிறதா? காலை எடுத்துவிட்டு கியரிலேயே உருண்டு போங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும், அவரும் அதே சிக்னலில்தான் நிற்கப்போகிறார்.

நின்றபின் என்ஜின் சும்மா ஓடுவதற்குச் சின்ன பெட்ரோல் காரில் மணிக்கு முக்கால் லிட்டர் வரை போகும், ஏசி போட்டால் இன்னும் மேலே. நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும் சிக்னலிலும், ரயில்வே கேட்டிலும், ஸ்கூல் வாசலிலும் ஆஃப் செய்தால் நிச்சயம் லாபம். பேட்டரி வயதானது என்றால் மட்டும் யோசியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டுக் கிளம்பும் பழக்கம் கார்புரேட்டர் காலத்தோடு போக வேண்டியது. இன்ஜெக்‌ஷன் என்ஜினுக்குத் தேவையில்லை, அதுவும் நம்ம ஊர் வெயிலுக்கு! என்ஜின் குளிர்ந்திருக்கும் முதல் சில கிலோமீட்டரில்தான் மைலேஜ் மிக மோசம். அதனால் பால் பாக்கெட் வாங்க, ஜெராக்ஸ் எடுக்க என்று தனித்தனியாகக் காரை எடுப்பதைவிட எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடிப்பது நல்லது. முக்குக் கடைக்கு நடந்தே போகலாம்.

ஊட்டி விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். அவ்வளவு எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே இரண்டு, இரண்டரை லிட்டர் ஆகும், அதில் யாரும் மிச்சம் பிடிக்க முடியாது. இறங்கும்போது அதை மீட்கலாம் என்று கியரை நியூட்ரலில் போட்டு, சில பேர் என்ஜினையே ஆஃப் செய்து உருட்டுகிறார்கள். இதில் உயிருக்கு ஆபத்து என்பது ஒருபக்கம், பெட்ரோலும் மிச்சமாகாது என்பதுதான் வேடிக்கை. இன்றைய கார்களில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோல் விடுவதையே நிறுத்திவிடும். சக்கரமே என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் நிற்காமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் குடித்தே ஆக வேண்டும். உங்கள் காரில் அந்தந்த நொடி மைலேஜ் காட்டும் வசதி இருந்தால் கோத்தகிரி இறக்கத்தில் இரண்டாவது கியரில் பார்த்துக்கொண்டே வாருங்கள் (பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்). 99.9 என்று உச்சத்தில் போய் நிற்கும். என்ஜினை ஆஃப் செய்தவருக்கோ நாலு மிதிக்குள் பிரேக் பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும். கொண்டை ஊசி வளைவில் அந்த நிலைமை வரவே கூடாது.

பைபாஸில் விஷயம் எளிது. காற்று எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. 80இல் போவதைவிட 110இல் போனால் காற்றைப் பிளக்க மட்டுமே ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு. சேலம் போய்ச் சேர்வதில் அரை மணி நேரம் கூடக்குறைய ஆகலாம், அந்த நேரம் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்பது உங்கள் பாடு. வண்டி மேலே கேரியர் இருந்தால், தேவையில்லாத நாளில் கழற்றி வையுங்கள்.

டயர் காற்றைப் பற்றி எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. குறைந்தால் பெட்ரோலில் பெரிய வித்தியாசம் தெரியாது. நாலு மாதம் பார்க்காமல் விட்டால் தெரியும், டயரும் ஓரத்தில் தேயும். டிரைவர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் எண்ணைச் சொல்லி, டயர் சூடாவதற்கு முன் பிடியுங்கள். காற்றடிப்பவர் எல்லா வண்டிக்கும் 35 வைப்பார். ஏசியை அணைத்து மிச்சம் பிடிக்கச் சொல்பவர்கள் மே மாத மத்தியானத்தில் காந்திபுரத்தில் ஓட்டியதில்லை என்று நினைக்கிறேன். வெயிலில் நின்ற வண்டியில் முதலில் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள், போதும்.

டேங்க்கில் போடும் மாத்திரை, பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேஷ்போர்டுக்குக் கீழே செருகும் டப்பா, இவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விலை கூடிய பிரீமியம் பெட்ரோலும் கார் கையேடு கேட்டால் ஒழிய வேண்டாம். காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதும் சும்மா. டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது, அங்கே காலை மாலை வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை.

அப்புறம், பாலக்காடு பக்கம் போவதாக இருந்தால் வாளையாறு தாண்டும் முன் இந்தப் பக்கமே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். கேரளாவில் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். அதற்கும் அப்பால் கண்ணூர் வரை போகிறீர்கள் என்றால் வழியில் மாஹி வரும். அது புதுச்சேரியைச் சேர்ந்த ஊர், புதுச்சேரி வரி என்பதால் அங்கே விலை குறைவு. பங்க்கில் வரிசை நிற்கும், என்ஜினை ஆஃப் செய்துவிட்டு நில்லுங்கள்.