25 இருந்தால் நகலா?

கேள்வி: ஒரு கண்காட்சியில் எட்சிங் படம் ஒன்றுக்கு 20,000 ரூபாய் கேட்டார்கள். கீழே பென்சிலில் 3/25 என்று எழுதியிருந்தது. இதே படம் இன்னும் 24 பேரிடம் இருக்குமென்றால் இது நகல்தானே? நகலுக்கு ஏன் இந்த விலை?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: நகல் என்றால் அசல் எங்கே? எட்சிங்கில் ஓவியரிடம் இருப்பது, அமிலத்தால் கோடுகளை அரித்துப் பள்ளமாக்கிய ஒரு தகடு. அதில் படம் இடம் வலமாக மாறிக் கிடக்கும். தாளில் இறங்கிய பிறகுதான் அது படம். ஆக, 25-உம் அசல்.

அச்சு என்றதும் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் நினைவுக்கு வருவதால் வந்த வினை இது. எட்சிங்கில் ஒவ்வொரு தாளுக்கும் தகட்டில் மையை அழுத்தித் தேய்த்து, மேலே நிற்பதை மெல்லிய துணியால் துடைத்து, நனைத்து ஒற்றிய தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே ஓட்ட வேண்டும். துடைப்பு கூடினால் கோடு வெளிறும். குறைந்தால் படமெங்கும் அழுக்கு. தாள் உலர்ந்துவிட்டால் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுக்காது. அமிலமின்றி ஊசியால் நேரே கீறும் டிரைபாயிண்ட்டில் கோட்டோரம் எழும் பிசிறுதான் அந்த அடர் கருமையைத் தருகிறது. சில ஓட்டங்களிலேயே அது மழுங்கத் தொடங்கும். அங்கே எண்ணிக்கைக்கு எல்லை வகுப்பது தகடு, வியாபாரி அல்ல.

சென்னை கலாக்ஷேத்ராவில் கற்பித்துவிட்டு, பின்னாளில் பாரிஸில் அச்சோவியர் ஹேட்டரின் 'அத்தலியே 17' பட்டறையில் சேர்ந்த கிருஷ்ணா ரெட்டி, ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒரே ஓட்டத்தில் எடுக்கும் முறையை வளர்த்தவர்களில் ஒருவர். எண்ணெய் கூடிய மையைக் கடின உருளையால் மேட்டில் மட்டும் பூசுவார்கள். கெட்டி மை, மெத்தென்ற உருளையோடு பள்ளத்துக்குள் போகும்; எண்ணெய் மை படிந்த மேட்டில் அது ஒட்டாது. எண்ணெய் அளவு பிசகினால் வண்ணமெல்லாம் சேறுதான். ஜெராக்ஸ் கடையில் நடக்கிற வேலையா இது?

கோட்டோவியமும் இந்த ஏளனத்துக்குத் தப்பவில்லை. "இதை எப்போது பெயிண்டிங் ஆக்குவீர்கள்?" என்று கேட்பவர் இன்றும் உண்டு. ஓவியர் ஆதிமூலம் 1969-இல் காந்தியைக் கோடுகளாலேயே வரைந்த வரிசைக்கு எந்த வண்ணம் பாக்கி?

உங்கள் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்புங்கள். எண்ணெய் ஓவியத்தைப் படம்பிடித்து, இங்க்ஜெட்டில் எடுத்து, அதற்கும் 3/25 என்று எண் போட்டு விற்கிறார்களே, நகல் அதுதான். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள்: நுண்புள்ளிகளின் தூறல் தெரியும். எட்சிங்கில் கோட்டின் மை விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு மேடாக நிற்கும் (கடைக்காரர் அனுமதித்தால் மட்டும் தொடுங்கள்!). சுற்றிலும் தகட்டின் விளிம்பு தாளில் பதிந்திருக்கும். அதை மட்டும் நம்பவேண்டாம், பொய்யாகவும் அழுத்தலாம். 25-க்கு வெளியே ஓவியர் தனக்கென எடுத்த தாள்கள் எத்தனை, தகட்டைக் கீறி முடக்கிவிட்டார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று: 3 என்றால் மூன்றாவதாக எடுத்தது என்று பொருளில்லை. காயவைத்து அடுக்குவதில் வரிசை கலைந்துவிடும். டிரைபாயிண்ட் போலத் தகடு சீக்கிரம் மழுங்குகிறவை தவிர வேறெதிலாவது "இது 1/25, அதனால் விலை கூடுதல்" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.