மர ஷெட்டுக்குப் பெயின்ட்டா, ஸ்டெயினா?

கேள்வி: எங்கள் வீடு வடசென்னைக் கடலோரம், எர்ணாவூரில். பின்பக்கம் தோட்டச் சாமான் வைக்க 6 அடிக்கு 8 அடி, 7 அடி உயரத்தில் ஒரு மர ஷெட். துறைமுகப் பக்கம் வாங்கிய பைன் பெட்டிப் பலகையை நிற்க வைத்து அடித்தது. கதவு மட்டும் பிளைவுட். கட்டி நாலு வருஷமாகிறது, இதுவரை எதுவும் பூசவில்லை. பலகை சாம்பல் நிறமாகிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் நின்றதால் அடியில் ஒரு அடிக்குக் கறுப்புப் பட்டை. பெயின்டர் "எனாமல் அடிச்சா பத்து வருஷம் கவலையில்லை" என்கிறார். என் தம்பி ஸ்டெயின்தான் நல்லது என்கிறான். அடுத்த மாதம் மழை ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடலாமா?
– ஒரு வாசகி, எர்ணாவூர்

பதில்: சகோதரி, பலகைச் சுவருக்கு ஸ்டெயின், பிளைவுட் கதவுக்குப் பெயின்ட், கறுப்புப் பட்டைக்கு ரம்பம். ஆனால் பூச்சு வேலை மழைக்கு முன்னால் வேண்டாம்.

பெயின்ட் மரத்தின் மேல் ஒரு தோலாக உட்காரும். தோல் கிழியாத வரை நல்ல காவல்தான். உங்கள் சுவரிலோ பலகைக்குப் பலகை இடைவெளி, ஆணித் துளை, கணு, பிளவு. ஐப்பசி மழையில் பலகை உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். எனாமல் காய்ந்து ஒரு வருஷம் போனால் விறைத்துவிடும், மரத்தோடு சேர்ந்து நீளாது. முதலில் இணைப்புகளில்தான் முடி போல விரிசல் விடும். அதில் நுழைந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, தோலைக் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளத்தை விரலால் அழுத்தினால் ஈரம் கசியும், பின்னால் மரம் கறுத்திருக்கும். கடற்காற்றில் சொரசொரப்புப் பலகை மேல் அடித்த எனாமல் இரண்டு, மூன்று வருஷம் தாங்கினாலே அதிகம். அப்புறம் முழுவதும் சுரண்டாமல் மறுபூச்சு நிற்காது. அந்தச் சுரண்டல் கூலியைப் பெயின்டர் இப்போது சொல்ல மாட்டார்.

ஸ்டெயின் மரத்துக்குள் ஊறுவது. அதில் உரிவதற்குத் தோல் இல்லை, வெளுத்துத்தான் போகும். வெளுத்தால் கழுவிக் காயவைத்து ஒரு கை பூசினால் போதும், சுரண்டும் வேலை கிடையாது. இன்னொன்றையும் யோசியுங்கள்: ஸ்டெயின் அடித்த மரத்துக்குப் பிறகு பெயின்ட் அடிக்கலாம், பெயின்ட் அடித்த மரத்தை ஸ்டெயினுக்குத் திருப்புவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

கடையில் ஒரு பொறி இருக்கிறது. "வுட் ஸ்டெயின்" என்று மொட்டையாகக் கேட்டால் பாலிஷ்காரர்கள் நாற்காலி, கட்டிலுக்குப் போடும் சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுப்பார்கள். அது வெறும் நிறம், மேலே சீலரும் பாலிஷும் ஏறினால்தான் நிற்கும். நீங்கள் கேட்க வேண்டியது வெளிப்புற மரத்துக்கான, யு.வி. பாதுகாப்புள்ள, எண்ணெய் சேர்ந்த ஸ்டெயின். நிறமில்லாத தெளிவான வகையும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். வெயிலை மறிப்பது அதிலுள்ள நிறத்தூள்தான், தெளிவான பூச்சு மேற்குச் சுவரில் ஒரு கோடையைத் தாண்டாது. ரொம்பக் கறுத்த நிறம் சூட்டை இழுத்துப் பலகையைப் பிளக்கும் என்பதால் நடுத்தரப் பழுப்பாகப் பாருங்கள்.

இப்போது அந்தக் கறுப்புப் பட்டை. எண்ணெய் குடித்த மரத்தில் ஸ்டெயினும் ஏறாது, பிரைமரும் ஒட்டாது. தின்னரால் துடைத்தால் மேலே வெளுக்கும், இரண்டு வெயிலில் உள்ளிருந்து மறுபடி கசியும். எனவே அந்த ஒரு அடியைச் சுற்றிலும் அறுத்து எடுத்துவிடுங்கள். அறுக்கும் கோட்டுக்குச் சற்று மேலே உள்பக்கம் குறுக்குச் சட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒன்றை வைத்துப் பலகைகளை அதில் முடுக்கிய பிறகே ரம்பத்தை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை கால் ஊன்ற இடமின்றித் தொங்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் தூண்களின் அடியையும் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தத் தூண் மாற்ற வேண்டியது.

அறுத்த இடத்தில் 8 மி.மீ. ஃபைபர் சிமென்ட் போர்டு போடலாம். 8 அடிக்கு 4 அடி ஷீட் ஒன்று வாங்கினால் ஒரு அடி அகலத்தில் நான்கு பட்டை, மொத்தம் 32 அடி. உங்களுக்குக் கதவு போக 25 அடிதான் வேண்டும். மாஸ்க் போட்டு, ஈரமாக்கி அறுக்கச் சொல்லுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. போர்டுக்கும் மேலே உள்ள பலகைக்கும் நடுவில் கால் அங்குலம் விட்டு, இசட் வடிவில் மடித்த அலுமினியத் தகடு செருக வேண்டும். தகட்டின் மேல் விளிம்பு பலகைக்குப் பின்னாலும் கீழ் விளிம்பு போர்டுக்கு முன்னாலும் வர வேண்டும். மாற்றி வைத்தால் வழிகிற மழை நேராக உள்ளேதான் போகும்.

இந்த அறுப்பு வேலையை இந்த மாதமே முடிக்கலாம். துருப்பிடித்த இரும்பு ஆணிகளைப் பிடுங்கிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போடுங்கள். உப்புக் காற்றில் துரு மரத்துக்குள் இறங்கிக் கறுப்புக் கோடாக வழியும், எந்தப் பூச்சும் அதை மறைக்காது. பலகை இடைவெளிகளில் பட்டி வைத்து அடைக்கப் பெயின்டர் கிளம்பினால் தடுங்கள். சுவர்ப் பட்டி மழையில் ஊறி உதிரும், பலகை உப்பவும் இடம் வேண்டும்.

பூச்சு மட்டும் பொங்கல் கழித்து, தை கடைசி அல்லது மாசியில். செப்டம்பரில் பகலெல்லாம் காய்ந்தாலும் சாயங்கால இடிமழை ஒன்று போதும். ஈரம் உள்ளே நிற்கும் மரத்தில் ஸ்டெயின் ஊறாமல் மேலே பிசுபிசுவென்று நிற்கும். நாலு மழையை வெறுமனே பார்த்த பலகை ஐந்தாவதையும் பார்க்கும். மரம் காய்ந்ததா என்று தெரிய, கையகல பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

முதல் வேலை உப்பைக் கழுவுவது. உங்கள் பக்கத்து போர் தண்ணீர் பல வீடுகளில் உப்பு, அதில் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் பூசுவதாகிவிடும். மெட்ரோ தண்ணீரில் நார் பிரஷ் வைத்து இரண்டு முறை தேய்த்துக் கழுவி, நான்கு நாள் காய விடுங்கள். பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் நார் போகும் திசையிலேயே தேயுங்கள். அந்தச் சாம்பல் நிறம் வெயிலில் செத்த நார். அது தூளாகக் கையோடு வரும், அதன் மேல் பூசினால் பூச்சும் அதோடு சேர்ந்து போகும். கீழே புது மர நிறம் தெரியும் வரை தேய்த்தால் போதும், 220 போட்டு வழுவழுப்பாக்காதீர்கள், துவாரம் அடைபட்டு ஸ்டெயின் ஊறாது.

பெட்டிப் பலகையில் எச்.டி. (HT) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது என்று பொருள். அப்போதிருந்த பூச்சி செத்திருக்கும், அவ்வளவுதான். நாளை வரும் கரையானுக்கு அது காவல் இல்லை. ஆகவே மரத்துக்கான கரையான் மருந்து இரண்டு கை அடித்து, வாடை அடங்கும் வரை விடுங்கள்.

உங்கள் பலகைப் பரப்பு ஏறத்தாழ 150 சதுர அடி. சொரசொரப்பு மரம் முதல் கையில் லிட்டருக்கு 50 சதுர அடிதான் கொடுக்கும், அதற்கு 3 லிட்டர். இரண்டாம் கைக்கு 2 லிட்டர். ஐந்தையும் ஒரே வாளியில் கலந்துவிடுங்கள், டப்பாவுக்கு டப்பா நிறம் கொஞ்சம் மாறும். நிறத்தூள் அடியில் தங்குவதால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அடிவரை கிளறுங்கள். பின்பக்கம் ஒரு பலகையில் பூசி, காய்ந்த நிறத்தைப் பார்த்த பிறகே மற்றதில் கை வைக்கலாம்.

வெயில் விழும் சுவரில் பூசாதீர்கள், ஊறுமுன் காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். காலையில் பனி உலர்ந்ததும் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர். ஒரு பலகையை மேலிருந்து கீழ்வரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 15 நிமிடம் கழித்து ஊறாமல் மினுக்கும் ஸ்டெயினைத் துணியால் துடைத்துவிட வேண்டும், மினுக்கினால் அது தோலாகி உரியும். பலகையின் அறுத்த முனைகள் உறிஞ்சு குழாய் மாதிரி, தண்ணீரும் அங்கேதான் அதிகம் ஏறும். அவற்றுக்கு மட்டும் மூன்று முறை. இரண்டாம் கைக்கு எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது டப்பாவுக்கு டப்பா வேறுபடும், அதில் உள்ளபடி செய்யுங்கள்.

கதவு: 120-ஆம் நம்பர் தாள், எண்ணெய் வுட் பிரைமர் அரை லிட்டர், மேலே வெளிப்புற அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கை, ஒரு லிட்டர். எனாமலைவிட இது வளைந்து கொடுக்கும். பிளைவுட்டின் நாலு ஓரத்தையும், முக்கியமாகக் கீழ் ஓரத்தை, கதவைக் கழற்றிப் பூசுங்கள். பிளைவுட் கெடுவது அங்கிருந்துதான்.

வருஷா வருஷம் பொங்கல் சமயத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் விட்டுவிடலாம். உடனே உறிஞ்சிக் கறுத்தால் அந்தச் சுவருக்கு ஒரு கை. தெற்கும் மேற்கும் ஒன்றிரண்டு வருஷத்தில் கேட்கும், மற்ற இரண்டும் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

துடைத்த துணிகளைச் சுருட்டி ஷெட்டுக்குள் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த ஸ்டெயின் காயும்போது சூடு கிளப்பும், குவியலாகக் கிடந்தால் தீக்குச்சி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது கொடியில் தனித்தனியாக விரித்துக் காய்ந்து விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.